டெசிபல் கேட்கிறோம், எடையைக் கேட்பதில்லை

ஆடி பிறந்தால் அம்மன் கோயில்களில் கூழ் ஊற்றுகிறார்கள். அதைத் தொடர்ந்து விநாயகர் சதுர்த்தி, நவராத்திரி, பொங்கல் விளையாட்டு விழா, பங்குனி உத்திரம், சித்திரைத் திருவிழா என்று ஆண்டு முழுவதும் ஏதாவதொரு தெருவில் மைக் செட் கட்டியபடி இருக்கிறார்கள். தேர்தல் நெருங்கினால் பொதுக்கூட்டங்களும் சேர்ந்துகொள்ளும். விழாக் குழுவினர் காவல் நிலையத்துக்குப் போய் அனுமதி கேட்கும்போது அவர்களிடம் சொல்லப்படும் நிபந்தனைகள் எல்லோரும் அறிந்தவை: கூம்பு வடிவ ஒலிபெருக்கி கூடாது, பெட்டி வடிவம் மட்டுமே, இரவு 10 மணிக்கு நிறுத்திவிட வேண்டும், மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் இருக்கும் இடங்களில் எச்சரிக்கை தேவை. இவற்றுக்கு அடிப்படையாக இருப்பவை 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள். பொது இடத்தின் எல்லையில் ஒலி, அந்தப் பகுதிக்கான அளவைவிட 10 டெசிபலுக்கு மேலோ 75 டெசிபலுக்கு மேலோ போகக் கூடாது, இரண்டில் எது குறைவோ அதுவே வரம்பு என்கின்றன அவை. இரவு நேரத் தடையை உச்ச நீதிமன்றமும் 2005-இல் உறுதிப்படுத்தியது. இந்த விதிகள் அனைத்தும் தேவையானவை. ஆனால் இவை ஒலிபெருக்கியைச் சத்தமாக மட்டுமே பார்க்கின்றன. அதே ஒலிபெருக்கி மக்களின் தலைக்கு மேல் நிற்கும் எடை. ஈரத் தரையில் ஓடும் 230 வோல்ட் மின்சாரம். அந்த எடைக்கும் மின்சாரத்துக்கும் யார் பொறுப்பு என்று அனுமதி தரும் இடத்தில் யாரும் கேட்பதில்லை. அந்தக் கேள்வியைக் கட்டாயமாக்க வேண்டும் என்பதே என் வாதம்.

முதலில் எடையைப் பார்ப்போம். இரண்டு 18 அங்குல ஸ்பீக்கர்கள் கொண்ட ஒரு பேஸ் பாக்ஸ் ஏறக்குறைய 100 கிலோ இருக்கும். மேடையின் ஒரு பக்கத்தில் இப்படி நான்கை அடுக்கி, மேலே டாப் பெட்டிகளையும் வைத்தால் அரை டன்னை நெருங்கிவிடும். பெரிய இசை நிகழ்ச்சிகளில் எட்டுப் பத்துப் பெட்டிகளைச் சங்கிலிபோல் கோத்து ட்ரஸ் எனப்படும் உலோகச் சட்டத்தில் தொங்கவிடுகிறார்கள். அங்கே பல நூறு கிலோ ஒரே புள்ளியில் தொங்குகிறது. அந்தப் புள்ளி தாங்குமா என்பதைக் கணக்குப் போட்டுத்தான் சொல்ல முடியும், கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. கொக்கி, பெல்ட், கம்பி ஒவ்வொன்றுக்கும் தயாரிப்பாளர் குறித்த சுமை அளவு உண்டு. தலைக்கு மேல் தொங்கும் பொருளுக்கு, அறுந்து விழும் சுமையில் சிறு பங்கை மட்டுமே ஏற்ற வேண்டும் என்பதும், முதல் பிடிப்பு விட்டாலும் தாங்க இரண்டாவது எஃகுக் கம்பி வேண்டும் என்பதும் இந்தத் தொழிலின் அடிப்படை விதிகள். தரையில் அடுக்கும் பெட்டிகளுக்கும் ஆபத்து உண்டு. பேஸ் அதிர்வில் மேல் பெட்டி மெல்ல மெல்ல நகரும். மழையில் நனைந்த மண்ணில் ஒரு கால் இறங்கினால் முழு அடுக்கும் சாயும். கூட்டம் மிகுந்தால் தலைவரைப் பார்க்கவும் கலைஞரைப் பார்க்கவும் இளைஞர்கள் ஒலிபெருக்கிக் கோபுரத்தில் ஏறுகிறார்கள். பத்துப் பேர் ஏறினாலே கூடுதலாக 600 கிலோ, அதுவும் உச்சியில். 2024 ஜனவரியில் டெல்லி கால்காஜி கோயில் ஜாகரண நிகழ்ச்சியில் மேடையை ஒட்டிய தளத்தில் தாங்கும் அளவுக்கு மேல் மக்கள் ஏறியதால் அது சரிந்து ஒரு பெண் உயிரிழந்தார், பலர் காயமடைந்தனர். எத்தனை பேர் ஏறுவார்கள் என்பதையும் கணக்கில் சேர்க்காத எந்த அமைப்பும் பாதுகாப்பானது அல்ல.

எடையோடு காற்றும் சேரும்போது கணக்கு வேறாகிவிடுகிறது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று சொல்லிவந்த நாட்டில், ஒலிபெருக்கி அதிகம் கட்டப்படும் மாதமும் ஆடியாகவே இருக்கிறது. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும். மணிக்கு 36 கிலோமீட்டர் வேகக் காற்று ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஏறக்குறைய 6 கிலோ எடைக்குச் சமமாக அழுத்தும். 72 கிலோமீட்டரில் அது 24 கிலோவாகிறது. ஒலிபெருக்கிக் கோபுரத்தில் 20 அடிக்கு 12 அடி பிளெக்ஸ் ஒன்றைக் கட்டினால் பரப்பு 22 சதுர மீட்டர். முதல் காற்றில் அதன் மீது 130 கிலோவுக்கு மேல் அழுத்தும்; கோடை மழைக்கு முன் வீசும் சுழற்காற்றில் அரை டன்னுக்கு மேல். வெறும் இரும்புச் சட்டமாக நின்றிருந்தால் காற்று ஊடே போயிருக்கும். பிளெக்ஸ் கட்டிய நொடியில் அந்தக் கோபுரம் பாய்மரமாகிவிடுகிறது. 2019 செப்டம்பரில் சென்னை பள்ளிக்கரணையில் சாலையில் கட்டிய பேனர் விழுந்து ஓர் இளம்பெண் உயிரிழந்தபோது தமிழ்நாடு கொதித்தது. அந்தப் பேனரைத் தாங்கிய சட்டத்துக்கும் திருவிழாவில் ஒலிபெருக்கியைத் தாங்கும் சட்டத்துக்கும் இயற்பியலில் வேறுபாடு இல்லை. பின்னதில் எடை அதிகம், அதன் கீழே நிற்கும் மக்களும் அதிகம்.

மின்சாரம் இன்னும் மறைவான எதிரி. 2022 ஏப்ரல் 27 அதிகாலையில் தஞ்சாவூரை அடுத்த களிமேட்டில் அப்பர் சதய விழாத் தேர் திரும்பும்போது அதன் உச்சி உயர் அழுத்த மின்கம்பியில் பட்டு 11 பேர் இறந்தார்கள். தற்காலிகமாக எழுப்பிய உயரமான ஒன்று எந்தக் கம்பிக்கு அடியில் நிற்கும், எந்தக் கம்பியைக் கடக்கும் என்பதை முன்கூட்டியே அளக்காததன் விலை அது. உயரக் கம்பியைத் தொடாமலே மேடையில் இறப்பவர்களும் உண்டு. 1972 மே மாதம் பிரிட்டனின் ஸ்வான்சீ நகரில், ஸ்டோன் தி க்ரோஸ் என்ற இசைக்குழுவின் கிதார் கலைஞர் லெஸ் ஹார்வி, சரியாக எர்த் செய்யப்படாத மைக்கைத் தொட்டபோது மேடையிலேயே மின்சாரம் தாக்கி இறந்தார். கிதாரின் கம்பி ஒரு கருவி வழியாகத் தரையோடு சேர்ந்திருக்கிறது, மைக்கின் உலோக உடல் பழுதான இன்னொரு கருவியால் மின்னேற்றம் பெற்றிருக்கிறது என்றால், இரண்டையும் ஒரே நேரத்தில் தொடுபவரின் உடலே அவற்றை இணைக்கும் கம்பியாகிவிடும். நம் மேடைகளில் இந்த நிலை எளிதாக உருவாகும். ஒலி அமைப்பு ஜெனரேட்டரிலும், சீரியல் விளக்குகள் தெருக்கம்பத்தில் கொக்கி போட்ட மின்சாரத்திலும் ஓடுகின்றன. ஸ்பீக்கரில் ‘உம்ம்’ என்று இரைச்சல் வந்தால் பிளக்கின் எர்த் பின்னைக் கழற்றிவிடுவது பலருக்கும் தெரிந்த குறுக்குவழி. இரைச்சல் அதோடு போய்விடுகிறது, உயிரைக் காக்கும் ஒரே பாதையும் அதோடு போய்விடுகிறது. இரைச்சலை ஒலிக் கம்பியில்தான் தீர்க்க வேண்டும். அதற்கென்று தனிமைப்படுத்தும் டிரான்ஸ்பார்மர்கள் இருக்கின்றன. மின் கம்பியின் எர்த்தில் யாரும் கை வைக்கக் கூடாது.

எம்.சி.பி. இருக்கிறதே, அது காப்பாற்றாதா என்று பலர் நினைக்கிறார்கள். 16 ஆம்பியருக்கோ 32 ஆம்பியருக்கோ மேல் போனால் விழும் சுவிட்ச் அது. கம்பி எரியாமல் பார்த்துக்கொள்வதே அதன் வேலை. மனித இதயத்தை நிறுத்த ஆம்பியரில் பத்தில் ஒரு பங்குகூடத் தேவையில்லை. ஈரமான உடலின் வழியே 230 வோல்ட் மின்சாரம் பாயும்போது எம்.சி.பி.க்கு அது ஒரு சிறு விளக்கின் சுமைதான், அது அசையாது. 30 மில்லிஆம்பியர் கசிந்தாலே நொடியின் சிறு பகுதிக்குள் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி.தான் உயிரைக் காக்கும் கருவி. அதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. ஜெனரேட்டரின் நியூட்ரல் தரையோடு முறையாக இணைக்கப்படாவிட்டால், கசியும் மின்சாரம் திரும்பி வரப் பாதை இல்லாமல் ஆர்.சி.சி.பி. விழாமலே இருந்துவிடலாம். மும்முனை ஜெனரேட்டரில் நியூட்ரல் கம்பி அறுந்தால் 230 வோல்ட்டுக்குச் செய்த கருவிகளில் 400 வோல்ட் வரை ஏறித் தீப்பிடிக்கலாம். ஆகவே கருவியை வாங்கி மாட்டினால் மட்டும் போதாது. அதைத் தெரிந்த ஒருவர் இணைத்து, நிகழ்ச்சி தொடங்கும் முன் சோதித்துப் பார்க்க வேண்டும்.

பாதுகாப்பாக அமைப்பதும் சத்தத்தைக் குறைப்பதும் ஒன்றுக்கொன்று உதவும் என்பதையும் சொல்ல வேண்டும். திறந்த வெளியில் தூரம் இரண்டு மடங்காகும்போது ஒலி ஏறக்குறைய 6 டெசிபல் குறையும். மேடையில் மட்டும் பெட்டிகளை அடுக்கி, 64 மீட்டர் தள்ளி நிற்பவருக்கு 85 டெசிபல் கேட்க வேண்டும் என்றால், பெட்டியிலிருந்து 2 மீட்டரில் நிற்பவர் காதில் 115 டெசிபல் விழும். தொழிலாளர் நலனுக்காக அமெரிக்காவின் நியோஷ் நிறுவனம் வகுத்த அளவின்படி 85 டெசிபலை 8 மணி நேரம் கேட்கலாம். ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 115 டெசிபலுக்கு அரை நிமிடம்கூட இல்லை. பேஸ் பாக்ஸுக்கு முன்னால் ஆடும் சிறுவர்கள் அங்கேதான் மணிக்கணக்கில் நிற்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 2022-இல் வெளியிட்ட நெறிமுறை, நிகழ்ச்சியின் 15 நிமிடச் சராசரி 100 டெசிபலைத் தாண்டக் கூடாது என்கிறது. பெட்டிகளை ஆள் உயரத்துக்கு மேல் ஏற்றிக் கீழ்நோக்கிச் சாய்த்து, கூட்டத்தின் நடுவிலும் பின்னாலும் சிறிய பெட்டிகளை, ஒலி சற்றுத் தாமதமாக வரும்படி வைத்தால் முன்வரிசையின் காதும் தப்பும், அக்கம்பக்கத்து வீடுகளும் தப்பும், ஒரே கோபுரத்தில் ஏறும் எடையும் குறையும். ஆனால் கோபுரங்கள் அதிகமானால் அவற்றைச் சரிபார்க்க வேண்டிய வேலையும் அதிகமாகும். யாராவது ஒருவர் அந்த வேலையைத் தன் பொறுப்பாக ஏற்றால்தான் இது நடக்கும்.

விபத்துகளின் விசாரணைகள் கடைசியில் வந்து நிற்பதும் இந்தப் பொறுப்பில்தான். 2011 ஆகஸ்ட் 13 அன்று அமெரிக்காவின் இண்டியானா மாநிலக் கண்காட்சியில், விளக்குகளும் ஒலிபெருக்கிகளும் தொங்கிய மேடைக் கூரை புயல் காற்றில் கூட்டத்தின் மீது சரிந்தது. 7 பேர் இறந்தார்கள், ஐம்பதுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். ஆய்வு செய்த பொறியாளர்கள், கூரையை இழுத்துப் பிடித்த கம்பிகள் கட்டப்பட்டிருந்த கான்கிரீட் தடுப்புகள் போதுமானவை அல்ல என்றும், விதிகள் எதிர்பார்க்கும் காற்றைவிடக் குறைந்த காற்றுக்கே அந்த அமைப்பு தோற்றிருக்கும் என்றும் கண்டார்கள். அதைவிட முக்கியமானது நிர்வாகம் பற்றிய மற்றோர் ஆய்வின் முடிவு. நிகழ்ச்சியை நிறுத்தவும் மக்களை வெளியேற்றவும் அதிகாரம் யாருக்கு என்பதில் அங்கே தெளிவில்லை. வானிலை எச்சரிக்கை வந்திருந்தது, அதைப் பார்த்தவர்களும் இருந்தார்கள், ஆனாலும் மேடை சரிவதற்குள் கூட்டம் வெளியேற்றப்படவில்லை. பணக்கார நாடு, பொறியாளர்களுக்குப் பஞ்சமில்லாத நாடு. பொறுப்பு ஒருவர் கையில் இல்லாததால் அந்த அறிவெல்லாம் பயன்படாமல் போயிற்று.

பிரிட்டனில் கேளிக்கை நிகழ்ச்சிகளின் தற்காலிக மின் அமைப்புக்கென்று பி.எஸ். 7909 என்ற நெறிமுறை இருக்கிறது. பெயர் குறிப்பிட்ட ஒருவர் மொத்த மின் அமைப்புக்கும் பொறுப்பேற்க வேண்டும் என்பது அதன் மையக் கருத்து. நமக்கு இது புதிதாகத் தோன்றலாம். ஆனால் நம் சட்டமும் இதற்குக் கதவைத் திறந்தே வைத்திருக்கிறது. 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 54-ஆவது பிரிவின்படி, தெருவிலோ வழக்கமாக 100 பேரோ அதற்கு மேலோ கூடக்கூடிய இடத்திலோ 250 வாட், 100 வோல்ட்டுக்கு மேல் மின்சாரத்தைப் பயன்படுத்துபவர், 7 நாள்களுக்குக் குறையாமல் முன்கூட்டியே மின் ஆய்வாளருக்கும் மாவட்ட நிர்வாகத்துக்கும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். நடுத்தரமான ஒரு மைக் செட்டே இந்த அளவைத் தாண்டிவிடும். தற்காலிகப் பந்தல்களின் தீப் பாதுகாப்புக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 8758 இருக்கிறது, மின்சாரம் ஓடும் கம்பிக்கு அடியில் பந்தல் போடக் கூடாது என்பது அதில் அடங்கும். தற்காலிக வெளிப்புற மின் அமைப்புகளுக்குத் தேசிய மின் நெறித்தொகுப்பில் தனிப் பகுதியே உண்டு. காகிதத்தில் எல்லாம் இருக்கிறது. காவல் நிலையத்தில் தரும் அனுமதிக்கும் இந்தச் சட்டங்களுக்கும் இடையே இணைப்புதான் இல்லை.

அந்த இணைப்புக்கு ஒரு பக்க விண்ணப்பம் போதும். அனுமதி கேட்கும்போதே நான்கு விவரங்கள் எழுதித் தரப்பட வேண்டும். ஒன்று, ஒலி அமைப்புக்குப் பொறுப்பான ஒருவரின் பெயரும் தொலைபேசி எண்ணும்; கட்டத் தொடங்கியதிலிருந்து பிரித்து முடிக்கும் வரை அவர் இடத்தில் இருக்க வேண்டும். இரண்டு, கோபுரங்களின் உயரம், அவற்றில் ஏறும் மொத்த எடை, எதைக் கொண்டு அவை நிலைநிறுத்தப்படுகின்றன, அருகில் உள்ள மின்கம்பி எவ்வளவு தூரம். ஆள் உயரத்துக்கு மேல் தொங்கவிட்டால் பொறியாளர் ஒருவரின் கையெழுத்து. மூன்று, மின்சாரம் எங்கிருந்து வருகிறது, ஆர்.சி.சி.பி. இருக்கிறதா, எர்த் சோதிக்கப்பட்டதா என்பதற்குத் தகுதிச் சான்று பெற்ற மின்கம்பியாளின் கையெழுத்து. நான்கு, எந்தக் காற்றில் பிளெக்ஸை அவிழ்ப்பார்கள், எந்தக் காற்றில் பெட்டிகளை இறக்கி நிகழ்ச்சியை நிறுத்துவார்கள். இந்த நான்காவதில்தான் அதிகாரமும் அடங்கியிருக்கிறது. பொறுப்பாளர் நிறுத்தச் சொன்னால், மேடையில் இருப்பவர் அமைச்சராக இருந்தாலும் நட்சத்திரமாக இருந்தாலும் நிகழ்ச்சி நின்றாக வேண்டும் என்று அனுமதியிலேயே எழுதியிருக்க வேண்டும். அதிகாரம் இல்லாமல் பொறுப்பை மட்டும் தலையில் கட்டுவது அநீதி.

இதற்கு வரும் முதல் எதிர்ப்பு, இத்தனை ஆண்டுகளாக இப்படித்தான் கட்டுகிறோம், ஒன்றும் ஆகவில்லையே என்பது. மைக் செட் தொழிலாளர்களின் அனுபவத்தை நான் மதிக்கிறேன். சவுக்குக் கம்பின் வளைவைப் பார்த்தே அது தாங்குமா என்று சொல்லக்கூடியவர்கள் அவர்கள். ஆனால் அந்த அனுபவம் இரண்டு குழாய் ஸ்பீக்கரும் ஒரு ஆம்ப்ளிபையரும் இருந்த காலத்தில் உருவானது. இன்று அதே கிராமத்துத் திடலில் அரை டன் பேஸ் பாக்ஸும் எல்.இ.டி. திரையும் ஏறுகின்றன. சுமை மாறிவிட்டது, கட்டும் முறை மாறவில்லை. மேலும், இதுவரை விழவில்லை என்பது அமைப்பு வலுவானது என்பதற்குச் சான்றாகாது. அதற்கேற்ற காற்று அந்த நாளில் வீசவில்லை என்பதாகவும் இருக்கலாம். விபத்து நடந்தால் முதலில் விழுபவரும் அந்தத் தொழிலாளிதான். கோபுரத்தில் ஏறுவதும் ஈரக் கையோடு இணைப்பைத் தொடுவதும் நள்ளிரவில் தூக்கக் கலக்கத்தில் பெட்டியை இறக்குவதும் அவர்தான். விதி முதலில் காப்பது அவரைத்தான்.

இரண்டாவது எதிர்ப்பு செலவு. சிறிய கோயில்களும் சிறிய சவுண்டு சர்வீஸ்காரர்களும் எங்கே போவார்கள் என்று கேட்பது நியாயமான கேள்வி. ஆர்.சி.சி.பி.யோடு கூடிய மின் பெட்டி, எர்த் கம்பி, கட்டும் பெல்ட்டுகள், கையில் பிடிக்கும் காற்றளவி எல்லாம் ஒருமுறை வாங்கினால் பல ஆண்டுகள் உழைப்பவை. பல நிகழ்ச்சிகளில் பங்கிட்டால் ஒன்றுக்கு விழும் செலவு சிறியது. அதோடு, விதி எல்லோருக்கும் ஒரே கனத்தில் இருக்க வேண்டியதில்லை. தரையில் இரண்டு பெட்டி வைத்துப் பாட்டுப் போடும் தெருமுனைக் கோயிலுக்கு மின் பாதுகாப்பு மட்டும் போதும். உயரமும் எடையும் கூடக் கூட விவரங்களும் கூடட்டும். இன்று குறைந்த விலைக்கு எடுப்பவருக்கே வேலை போகிறது. எர்த்தும் ஆர்.சி.சி.பி.யும் வைத்து நேர்மையாகத் தொழில் செய்பவர் விலையில் தோற்றுப்போகிறார். பாதுகாப்பு எல்லோருக்கும் கட்டாயமானால் அவருக்கும் நியாயமான போட்டி கிடைக்கும். கல்யாணத்துக்கு ஆள் ஏற்றிச் செல்லும் வேனுக்கு எப்.சி. இருக்கிறதா என்று கேட்கும் நாம், அந்த ஆள்களின் தலைக்கு மேல் நிற்கும் கோபுரத்துக்கும் அதே கேள்வியைக் கேட்பதில் தவறில்லை.

மூன்றாவது எதிர்ப்பையே நான் மிகக் கனமானதாகக் கருதுகிறேன். இன்னொரு படிவம் என்றால் இன்னொரு கையூட்டு. எதிர்க்கட்சிக் கூட்டத்துக்கும் எளியவர்களின் விழாவுக்கும் அனுமதி மறுக்க இன்னொரு சாக்கு. இந்த அச்சத்துக்குக் காரணம் இல்லாமலில்லை. அதனால்தான் அதிகாரியின் விருப்பத்துக்கு இடமில்லாதபடி விதியை எழுத வேண்டும் என்கிறேன். விண்ணப்பத்தை இணையத்தில் பதிவு செய்தால் ரசீது கிடைக்க வேண்டும். நான்கு விவரங்களும் கையெழுத்துகளும் இருந்தால், பாதுகாப்பைக் காரணம் காட்டி அனுமதியை மறுக்கக் கூடாது. ஆய்வு என்பது இடத்துக்கு வந்து அளந்து பார்ப்பதாக இருக்க வேண்டும். குறை இருந்தால் அதை எழுதித் தர வேண்டும். எழுதிய விதி ஆளுக்கொரு நீதி சொல்வதைக் கடினமாக்கும். இன்றுள்ள வாய்மொழி நிபந்தனைகளே பாகுபாட்டுக்கு அதிக இடம் தருகின்றன. வழிபாட்டு உரிமைக்கும் பேச்சுரிமைக்கும் இதில் குறுக்கீடு எதுவும் இல்லை. என்ன பாடலாம், என்ன பேசலாம் என்று இந்த விதி கேட்கவில்லை. கூடியவர்கள் உயிரோடு வீடு திரும்புவார்களா என்று மட்டுமே கேட்கிறது.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. நெரிசலோ தீயோ மழையோ வந்தால் ஆயிரக்கணக்கானோரிடம் ஒரே நேரத்தில் பேசக்கூடிய கருவி அந்த ஒலிபெருக்கி ஒன்றுதான். ஜெனரேட்டர் நின்றதும் அதுவும் ஊமையாகிவிட்டால், எந்தப் பக்கம் நகர வேண்டும் என்று சொல்ல ஆளிருந்தும் குரலிருக்காது. ஆகவே ஒரு மைக்கும் சில பெட்டிகளுமாவது தனி பேட்டரியில் ஓட வேண்டும். அந்த மைக்கில் யார் பேசுவது, என்ன சொல்வது என்பது முன்பே முடிவாகியிருக்க வேண்டும். நன்றாக அமைந்த ஒலி அமைப்பே கூட்டத்தின் பாதுகாப்பு அமைப்பும் ஆகும்.

அரசு இதற்கு ஒரு புதிய சட்டத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. காவல் துறையும் மின் ஆய்வுத் துறையும் உள்ளாட்சிகளும் சேர்ந்து இந்த ஒரு பக்க விண்ணப்பத்தை இந்த ஆண்டே நடைமுறைக்குக் கொண்டுவர முடியும். ஐ.டி.ஐ.களில் ஒலி-ஒளி அமைப்பாளர்களுக்குச் சில நாள் பயிற்சியும் சான்றிதழும் தர முடியும். அமைப்பாளர்களின் சங்கங்கள் இதை எதிர்க்காமல் முன்னின்று கேட்க வேண்டும். ஏனென்றால் ஏறி இறங்கும் உயிர்கள் அவர்களுடையவை. விழாக் குழுவில் இருப்பவர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான்: அடுத்த முறை மைக் செட்டுக்கு முன்பணம் கொடுக்கும்போது வாட்ஸ் எத்தனை, பேஸ் எத்தனை என்று கேட்பதற்கு முன்னால், எர்த் எங்கே, ஆர்.சி.சி.பி. எங்கே, காற்று வந்தால் நிறுத்தப் போவது யார் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரிந்தவருக்கே வேலையைக் கொடுங்கள்.